ஒரே பெயரில் பலர்: ராமநாதபுரம் தேர்தல் தரும் பாடம்

நம் கடற்கரை ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்து அறிவிப்பு செய்யும்போது, பெயரை மட்டும் சொல்லி யாரும் நிறுத்துவதில்லை. "செய்யது இப்ராஹீம் வஃபாத்தாகிவிட்டார்" என்று மட்டும் அறிவித்தால் ஊரே பதறிவிடும். ஏனென்றால் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ஏர்வாடியிலும் தொண்டியிலும் அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இந்தத் தெரு, இந்தத் தொழில் செய்தவர், ஊரில் வழங்கும் பட்டப்பெயர் இது என்று அடையாளங்களை அடுக்கிய பிறகுதான் ஜனாஸா நேரத்தைச் சொல்வார்கள்.

ஒரே பெயரில் பலர் இருப்பது நமக்குப் புதிய விஷயமல்ல. ஆனால் அதே நிலை தேர்தலில் வரும்போது என்ன ஆகிறது? வேட்பாளர் பட்டியலில் ஒரே பெயரில் பலர் நின்றால் என்ன ஆகும்? வாக்காளர் பட்டியலில் ஒரே பெயரில் பலர் இருந்தால் என்ன ஆகும்? இரண்டுமே நம் மாவட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய கேள்விகள். ஜனநாயகம் நலமாக இருக்கிறதா என்று தொலைக்காட்சிகளில் பெரிய விவாதங்கள் நடக்கின்றன. அந்த நலம் பல நேரங்களில் இந்தச் சின்ன விஷயங்களில்தான் அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2024-இல் நம் தொகுதியில் நடந்தது

ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் ராமநாதபுரம், பரமக்குடி, திருவாடானை, முதுகுளத்தூர், அறந்தாங்கி, திருச்சுழி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. 2024 ஏப்ரல் 19 அன்று இங்கே வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க. கூட்டணியில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் சார்பில், அப்போது எம்.பி.யாக இருந்த கே. நவாஸ்கனி ஏணி சின்னத்தில் போட்டியிட்டார். அவரை எதிர்த்து முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பா.ஜ.க. கூட்டணி ஆதரவுடன் சுயேச்சையாக நின்றார். அ.தி.மு.க.வும் நாம் தமிழர் கட்சியும் தனித்தனியே வேட்பாளர்களை நிறுத்தின.

ஓ.பி.எஸ். பல ஆண்டுகள் வாக்குக் கேட்ட இரட்டை இலை இந்த முறை அவர் கையில் இல்லை. சுயேச்சை என்பதால் பலாப்பழம் சின்னம் ஒதுக்கப்பட்டது. அதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. பன்னீர்செல்வம் என்ற அதே பெயரில், அதே முதலெழுத்தோடு மேலும் பலர் சுயேச்சைகளாக வேட்புமனு தாக்கல் செய்தார்கள். மனுக்கள் ஏற்கப்பட்டு, வாக்குப்பதிவு இயந்திரத்திலும் அவர்கள் பெயர்கள் இடம்பெற்றன. அவர்களை யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்ற அரசியல் சர்ச்சைக்குள் நாம் போக வேண்டியதில்லை. வாக்காளரின் இடத்தில் நின்று பார்த்தாலே போதும். இருபதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள், இரண்டு இயந்திரங்கள், அவற்றில் திரும்பத் திரும்ப ஒரே பெயர்.

ஜூன் 4 அன்று முடிவு வந்தது. நவாஸ்கனி 5,09,664 வாக்குகள் பெற்று வெற்றி பெற்றார். பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ.பி.எஸ். 3,42,882 வாக்குகள் பெற்று இரண்டாம் இடம் வந்தார். வித்தியாசம் 1,66,782. மற்றப் பன்னீர்செல்வங்களில் ஒருவர்கூட ஓ.பி.எஸ். பெற்ற வாக்குகளின் அருகில் வரவில்லை. முடிவை மாற்றும் அளவுக்கு எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை.

இதில் வென்றவருக்கு மட்டுமல்ல, தோற்றவருக்கும் ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. நவாஸ்கனிக்கு வாக்களிக்காத மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், புதிதாக வந்த ஒரு சின்னத்தைச் சில வாரங்களுக்குள் அடையாளம் கண்டு, தாங்கள் நினைத்த அதே மனிதருக்குத்தான் வாக்களித்தார்கள். நம் தொகுதி வாக்காளர்கள், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், ஏமாறவில்லை. தேர்தல் ஆரோக்கியமாக நடந்ததா என்று பார்க்கும்போது, யார் வென்றார் என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும்: வாக்காளர் நினைத்ததும் இயந்திரத்தில் பதிவானதும் ஒன்றா?

சட்டம் ஏன் தடுக்கவில்லை?

"ஒரே பெயரில் நிற்பதைத் தடை செய்யக் கூடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். 2024 மே 3 அன்று இதே கோரிக்கை பொதுநல மனுவாக உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்க விரும்பவில்லை. பெற்றோர் வைத்த பெயரைக் காரணம் காட்டி ஒருவரின் போட்டியிடும் உரிமையை எப்படிப் பறிக்க முடியும் என்பதே நீதிபதிகளின் கேள்வி. மனு திரும்பப் பெறப்பட்டது.

யோசித்துப் பார்த்தால் இது நியாயம்தான். நம் ஊர் ஊராட்சித் தேர்தலில் "முஹம்மது இப்ராஹீம் என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே மனு போட்டுவிட்டார், வேறு எந்த முஹம்மது இப்ராஹீமும் நிற்கக் கூடாது" என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? உண்மையான மனிதருக்கும், குழப்புவதற்காகவே நிறுத்தப்பட்டவருக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கிடையாது. உள்நோக்கத்தை வேட்புமனுவில் யாரும் எழுதப் போவதில்லை.

செலவும் அதிகமில்லை. மக்களவைத் தேர்தலுக்கு டெபாசிட் தொகை 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. சுயேச்சையாக நிற்பவருக்குப் பத்து முன்மொழிவாளர்கள் வேண்டும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காவிட்டால் டெபாசிட் போய்விடும். எதிரணியின் வாக்கைச் சிதறடிக்க நினைப்பவர்களுக்கு அந்தப் பணம் ஒரு பொருட்டல்ல.

எனவே சட்டம் தடுப்பதற்குப் பதிலாகப் பிரித்துக் காட்டும் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரே பெயரில் இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ இருந்தால் தொழில், வசிப்பிடம் அல்லது வேறு ஏதாவது அடையாளத்தைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள் கூறுகின்றன. நம் பள்ளிவாசல் அறிவிப்பில் செய்வதும் அதுதானே! 2015 முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் புகைப்படமும் அச்சிடப்படுகிறது. பெயர்க் குழப்பத்தைத் தவிர்ப்பதுதான் இதற்குத் தேர்தல் ஆணையம் சொன்ன காரணம். 2025 பீகார் தேர்தலிலிருந்து அந்தப் படம் வண்ணத்தில் வரத் தொடங்கியது.

குழப்பம் பலித்த இடங்கள்

ராமநாதபுரத்தில் வாக்கு வித்தியாசம் அதிகம். அதனால் பிரச்சினை தெரியவில்லை. வித்தியாசம் குறைவாக இருந்த இடங்களைப் பார்த்தால் ஆபத்து புரியும்.

2004 மக்களவைத் தேர்தலில் கேரளாவின் ஆலப்புழா தொகுதியில் காங்கிரஸ் தலைவர் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில் வி.எஸ். சுதீரன் என்ற பெயரில் நின்ற சுயேச்சைக்கு 8,282 வாக்குகள் விழுந்தன. நடுவிலிருந்த ஒரே ஒரு எழுத்துதான் வேறு.

2016 கேரள சட்டமன்றத் தேர்தலில் மஞ்சேஸ்வரம் தொகுதியில் முஸ்லிம் லீக் வேட்பாளர் பி.பி. அப்துல் ரசாக் வெறும் 89 வாக்குகளில் வென்றார். தோற்றவர் பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன். அங்கே கே. சுந்தரா என்ற பெயரில் நின்ற இன்னொருவருக்கு 467 வாக்குகள் கிடைத்தன. இங்கே வென்றது நம் சமுதாயத்தவர் என்பதால் இதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. நமக்கு வேண்டியவர் பாதிக்கப்படும்போது மட்டும் அநீதி என்று சொன்னால் அது நீதியாகாது.

இந்தப் பிரச்சினை நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. உலகுக்கே ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 2020-இல் புளோரிடா மாநில செனட் தேர்தலில், மயாமி பகுதியிலுள்ள 37-ஆவது தொகுதியில், அப்போது பதவியில் இருந்த ஹோசே ஹேவியர் ரோட்ரிகஸ் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 32 வாக்குகளில் தோற்றார். அங்கே மூன்றாவதாக, அதே ரோட்ரிகஸ் என்ற குடும்பப் பெயருடன், எந்தக் கட்சியையும் சாராத ஒருவர் நின்றிருந்தார். அவர் எங்கும் பிரச்சாரம் செய்யவில்லை. ஆனாலும் அவருக்கு 6,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. பிறகுதான் பணம் கொடுத்து நிறுத்தப்பட்டவர் என்பது வெளியானது. அந்த ஏற்பாட்டைச் செய்த முன்னாள் செனட்டர் பிராங்க் ஆர்டிலஸ் 2024-இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். தண்டனை வந்தது. ஆனால் தேர்தல் முடிவு மாறவில்லை.

அமெரிக்க வாக்குச்சீட்டில் நம்மைப் போல ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் கிடையாது. பெயரும் கட்சியின் பெயரும்தான். அங்கே தேர்தலை நடத்துவதும் நம் நாட்டைப் போல ஒரே ஆணையம் அல்ல. மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் சீட்டின் வடிவமே மாறும். 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் இதே புளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், பெயர்கள் இரு பக்கமும் துளைகள் நடுவிலுமாக அச்சிடப்பட்ட சீட்டால், அல் கோருக்கு வாக்களிக்க வந்த பலர் வேறொருவருக்கு வாக்களித்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த மாநிலத்தை ஜார்ஜ் புஷ் வென்றது 537 வாக்குகளில். அதனாலேயே அவர் அதிபரானார். ஒரு தாளின் வடிவம் வல்லரசு ஒன்றின் தலைமையையே தீர்மானிக்கும் அளவுக்குப் போனது.

மதரஸாவில் படித்த ஒரு பாடம்

இந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு மதரஸாவில் ஓதிய ஹதீஸ் கலை ஞாபகம் வந்தது. ஹதீஸை அறிவித்தவர் யார், அவர் நம்பகமானவரா என்று ஆராயும்போது அறிஞர்கள் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். பெயர் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று, ஆனால் ஆள் வேறு. ஒருவர் நம்பகமானவர், அதே பெயர்கொண்ட மற்றவர் பலவீனமானவர். இருவரையும் ஒருவராக எண்ணிவிட்டால் பொய்ச் செய்தி மார்க்கமாகிவிடும்.

இதற்காகவே 'முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்று ஒரு தனித் துறை உருவானது. பெயரில் ஒன்றுபட்டு, ஆளில் வேறுபட்டவர்கள் என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி இதே தலைப்பில் ஒரு நூலை எழுதினார். இப்னு ஸலாஹ் தம் நூலில் இதற்குச் சொல்லும் உதாரணம் 'கலீல் இப்னு அஹ்மத்'. அந்தப் பெயரில் அவர் ஆறு பேரைக் காட்டுகிறார். முதலாமவர் பஸராவின் புகழ்பெற்ற இலக்கண அறிஞர். மற்ற ஐவரும் வேறு வேறு ஆட்கள்.

அந்த அறிஞர்கள் ஒரே பெயர் வைத்திருப்பதைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஊர், ஆசிரியர், மாணவர், காலம் என்று அடையாளங்களைச் சேர்த்துப் பிரித்தறிந்தார்கள். சிரமத்தைத் தாங்கள் ஏற்றுக்கொண்டார்கள். தேர்தலிலும் தீர்வு அதுதான். பெயரைத் தடுக்க முடியாது. பிரித்தறியும் பொறுப்பு வாக்களிப்பவருக்கு உண்டு. வாக்கு என்பது ஓர் அமானிதம் என்று நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்க்காமல் ஒப்படைப்பது அமானிதத்தைப் பேணுவதாகாது.

வாக்குச்சாவடியில் கவனிக்க வேண்டியவை

நம் வீடுகளில் பெரியவர்களிடம் "மேலிருந்து மூன்றாவது பொத்தானை அமுக்குங்கள் உம்மா" என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இருக்கிறது. இது ஆபத்தானது. ஓர் இயந்திரத்தில் 16 வரிசைகள் உண்டு. வேட்பாளர்களும் நோட்டாவும் சேர்ந்து 16-ஐத் தாண்டினால் இரண்டாவது இயந்திரம் பக்கத்தில் வைக்கப்படும். இரண்டிலும் மூன்றாவது பொத்தான் இருக்கும். இடத்தைச் சொல்லி அனுப்பாதீர்கள். சின்னத்தைப் படமாகக் காட்டி அனுப்புங்கள்.

சின்னம் வந்த வரலாறே இதுதான். 1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 18 சதவீதம் மட்டுமே. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்து, அதன் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் விருப்பத்தைப் பிறர் உதவியின்றி ரகசியமாகத் தெரிவிக்க அந்தப் படம்தான் வழி செய்தது. இன்று அதே வேலையை ஏணியும் பலாப்பழமும் இரட்டை இலையும் உதயசூரியனும் தாமரையும் செய்கின்றன.

பொத்தானை அழுத்தியதும் பக்கத்திலுள்ள விவிபேட் கருவியில் ஒரு சீட்டு ஏழு விநாடிகள் தெரியும். அதில் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும். அவசரப்பட்டு வெளியே வராமல் அந்த ஏழு விநாடிகள் நின்று பார்க்க வேண்டும்.

பார்வையற்றவர் அல்லது உடல் இயலாதவருக்கு 18 வயது நிறைந்த ஒருவர் துணையாக உள்ளே செல்ல அனுமதி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக மட்டும் துணைக்கு ஆள் அனுப்ப முடியாது. எனவே வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது. யாருக்கு என்று சொல்லாதீர்கள், எப்படி என்று சொல்லிக் கொடுங்கள். யாருக்கு என்பது அவர்களின் உரிமை.

வாக்காளரின் பெயரும் இதே சிக்கலில்

இதுவரை வேட்பாளரின் பெயரைப் பார்த்தோம். இன்னும் முக்கியமானது நம் பெயர்.

எங்கள் தெருவில் ஒரே பெயரும் ஒரே வாப்பா பெயரும் கொண்ட இருவர் இருந்தார்கள். வயதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் மவுத்தானார். அதன் பிறகு வந்த தேர்தலில் மற்றவர் வாக்களிக்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, "ஹஜ்ரத், நான் மவுத்தாயிட்டேனாம்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இறந்தவருக்குப் பதிலாக இருப்பவரின் பெயர் நீக்கப்பட்டிருந்தது. தவறு எங்கே நடந்தது என்று தெரியவில்லை. தகவல் சொன்னவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் சிரித்தாலும் அன்று முழுவதும் திண்ணையை விட்டு எழவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் உரிமை அந்த ஒரு நாளில் போய்விட்டது. ஒரு நாள் முன்னதாகப் பட்டியலைப் பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. வேட்புமனு தாக்கலின் கடைசி நேரம் முடிந்தபின் பட்டியலில் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ சட்டத்தில் இடமில்லை.

இப்படிப் பெயரால் வாக்கை இழப்பது நம் நாட்டின் முதல் தேர்தலிலேயே நடந்தது. அப்போது வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தயங்கி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிவு செய்தார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பதிவை ஏற்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. நம் ஊர்களிலும் பெண்களை இன்னாரின் உம்மா, இன்னாரின் ராத்தா என்றே அழைக்கிறோம். மரியாதைக்காக அப்படி அழைக்கலாம். ஆவணத்தில் அவர்கள் பெயர் அவர்கள் பெயராகவே இருக்க வேண்டும்.

2025 இறுதியில் தமிழ்நாட்டில் சிறப்பு தீவிர திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) நடந்தது. 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இறந்தவர் பெயரையும் இரட்டைப் பதிவையும் நீக்குவது தேவையான வேலைதான். ஆனால் நம் குடும்பங்களின் வாழ்க்கை முறைக்கு இந்தக் காரணங்கள் எளிதில் பொருந்திவிடும் என்பதை நாம் உணர வேண்டும்.

முதலாவது, பெயர் எழுதும் முறை. முகமது, முஹம்மது, முகம்மது, மொஹமது என்று பாஸ்போர்ட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று இருக்கும். அட்டையில் உள்ள சிறிய எழுத்துப் பிழைக்காக, ஆள் அடையாளம் தெளிவாக இருக்கும்போது, வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். ஆனால் இப்போது இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கப் பெயர், உறவினர் பெயர், வயது ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று கணினி மூலம் ஒப்பிடுகிறார்கள். ஒரே பெயர் கொண்டவர்கள் நிறைந்த ஊரில் உண்மையான இருவர் ஒருவராகத் தோன்றலாம். படிவம் 8 கொடுத்து எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, முகவரி. நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கும் வழக்கம் உண்டு. பதிவு உம்மா வீட்டில் இருக்கும், ஆள் மாமியார் வீட்டில் இருப்பார். வீடு வீடாக வரும் அலுவலர் "இங்கே இல்லை" என்று குறித்துக்கொள்வார். வேறு சிலர் இரண்டு இடத்திலும் பெயரை வைத்திருப்பார்கள். இரண்டு இடத்தில் பதிவு வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. இதற்கும் படிவம் 8 மூலம் முகவரியை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, வெளிநாடு. சவூதியிலும் துபாயிலும் குவைத்திலும் மலேசியாவிலும் வேலை பார்ப்பவர்கள் நம் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமையை விடாமல் வெளிநாட்டில் தங்கியிருப்பவர் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்ய 2010 சட்டத் திருத்தம் வழி செய்தது. அதற்கான படிவம் 6ஏ. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயர் சேரும். தபால் வாக்கு கிடையாது. தேர்தல் நாளில் ஊரில் இருந்தால் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி நேரில் வாக்களிக்கலாம். இப்படிப் பதிவு செய்தால் "ஆள் இல்லை" என்ற காரணத்தால் பெயர் நீங்காது.

புதிய வாக்காளருக்குப் படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எந்த ஒன்றில் 18 வயது நிறைந்தாலும் பெயர் சேர்க்கலாம். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஒருவரின் பெயரை நீக்கக் கோருவது படிவம் 7. யாராவது நம் பெயர் மீது அதைக் கொடுத்தால், விளக்கம் சொல்ல நமக்கு வாய்ப்பு தரப்பட வேண்டும். அந்த நோட்டீஸை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது. முடிவு தவறு என்றால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் தீராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

வாக்களிக்கப் போகும்போது உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே வாக்களித்திருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். விதி 49பி-யின்படி, அடையாளத்தை நிரூபித்து வாக்குச்சீட்டில் 'டெண்டர் ஓட்டு' போடலாம். உங்களை "இவர் அவரில்லை" என்று ஒரு முகவர் ஆட்சேபித்தால், அவர் இரண்டு ரூபாய் கட்டித்தான் ஆட்சேபிக்க வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். வாக்காளர் அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியதும் கூடாததும்

தேர்தல் நேரத்தில் என்னிடம் சிலர் வந்து, "ஹஜ்ரத், ஜும்ஆவில் சின்னத்தைச் சொல்லிவிடுங்கள், மக்கள் குழம்பமாட்டார்கள்" என்பார்கள். அவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் நான் சொல்வதில்லை. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எதையும் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது தேர்தல் நடத்தை நெறிமுறை. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பிறர் கோயிலில் செய்தால் தவறு என்று நாம் சொல்வது, பள்ளிவாசலில் செய்தாலும் தவறுதான்.

அதைவிடப் பயனுள்ள வேலை ஜமாஅத்துக்கு இருக்கிறது. ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது, மவுத்து விவரம் இருக்கிறது, யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் தெரியும். ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரித்துச் சொல்ல அதைவிடச் சிறந்த இடம் ஊரில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, கட்சி பேதமில்லாமல், படித்த பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்து, தெரு வாரியாக வாக்காளர் பட்டியலை அச்செடுத்துச் சரிபார்க்கலாம். இறந்தவரின் பெயர் இருந்தால் நீக்கச் சொல்வதும், இருப்பவரின் பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்வதும் சம அளவில் நம் கடமை. பக்கத்துத் தெருவிலுள்ள மாற்றுமத சகோதரரின் பெயர் விடுபட்டிருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் மாவட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அந்தத் தேர்தல் எப்போது வந்தாலும், சில நூறு வாக்குகள் மட்டுமே உள்ள வார்டுகளில் பத்து வாக்குகள்கூட முடிவை மாற்றும். அங்கே வேட்பாளர் பட்டியலிலும் வாக்காளர் பட்டியலிலும் ஒரே பெயர்கள் நிறைந்திருக்கும்.

மவுத்து அறிவிப்பில் ஆளை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! அந்தக் கவனத்தில் பாதி உயிரோடு இருப்பவர்களின் பெயர்மீதும் இருந்தால் போதும். இந்த வாரமே குடும்பத்தில் எல்லோருடைய வாக்காளர் அட்டை எண்ணையும் எடுத்து, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேர்தல் ஆணைய இணையதளத்திலோ, உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ பார்த்துவிடுங்கள். உம்மாவின் பெயரை முதலில் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் பெயரை அடுத்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த தேர்தலில் நம் தெருவில் யாரும் "நான் மவுத்தாயிட்டேனாம்" என்று சொல்லித் திரும்பி வர வேண்டியிருக்காது.